கடந்த நோயும் கணக்கில் வேண்டும்

விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவி, ஒடுகத்தூர்

நம் கல்லூரியில் விலங்கியலும் தாவரவியலும் வேதியியலும் பயின்று வெளியேறுவோரில் பலர் இன்று சென்னைக்குப் பேருந்து ஏறுவது 'மெடிக்கல் கோடிங்' என்னும் வேலைக்காகத்தான். பட்டம் பெற்றுவிட்டு அரசுத் தேர்வுகளுக்குக் காத்திருப்போருக்கு இது ஓர் ஊன்றுகோல். ஆனால் "அது என்ன வேலை?" என்று ஊரில் யாரேனும் கேட்டால், "கம்ப்யூட்டரில் ஆஸ்பத்திரிக் கணக்கு எழுதுவது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடக் கூடிய வேலையன்று அது என்பதைச் சொல்லவும், அதில் நம் ஊருக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டவுமே இக்கட்டுரை.

அமெரிக்காவில் ஒரு மருத்துவர் தம் நோயாளியைப் பற்றி எழுதும் குறிப்பை இங்கே ஒருவர் வரிவரியாகப் படிக்கிறார். நோய் இன்னது, சிகிச்சை இன்னது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணை இடுகிறார். அந்த எண்ணைப் பார்த்துத்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தருகிறது. அதற்கான குறியீட்டுப் புத்தகத்தில் ஏறத்தாழ 70,000 எண்கள் உள்ளன. பயிற்சி பெறும் மூத்த மாணவி ஒருவரின் புத்தகத்தை நான் புரட்டியபோது ஓர் எண் என் கண்ணை நிறுத்தியது. இசட் 87.440. 'முன்பு சிறுநீர்ப் பாதைத் தொற்று இருந்தவர்' என்பது அதன் பொருள். இப்போது அவருக்கு அந்த நோய் இல்லை. அதற்கு மருந்தும் உண்பதில்லை. வந்து போன நோய். அதற்கும் ஓர் எண்!

அந்த எண் கட்டப்பட்டிருக்கும் முறையையும் பாருங்கள். இசட் என்றால் நோயன்று, நலத்தைப் பாதிக்கக் கூடிய நிலை. 87 என்றால் அவருடைய பழைய நோய்களுள் ஒரு வகை. அடுத்த 4 பிறப்புறுப்பு, சிறுநீர் உறுப்புகளைக் குறிக்கும். இன்னொரு 4 சிறுநீர் மண்டலத்தை மட்டும் குறிக்கும். கடைசிச் சுழி தொற்றுக்கு. சுழிக்குப் பதில் 2 என்றால் முன்பு சிறுநீரகக் கல் இருந்தவர் என்று ஆகிவிடும். விலங்கியலில் நாம் தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம் என்று இறங்கி வருவதைப் போன்றதே இது. நம் துறை மாணவர்களுக்கு இவ்வேலை எளிதில் கைவருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

இந்த எண்ணிடும் வழக்கம் காப்பீட்டுக்காரர்களின் கண்டுபிடிப்பன்று. பிரெஞ்சுப் புள்ளியியல் அறிஞர் ழாக் பெர்ட்டியோன் 1893-இல் இறப்புக் காரணங்களுக்கு ஒரு பட்டியல் வகுத்தார். அதுவே வளர்ந்து, உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாடாயிற்று. அதன் பத்தாம் பதிப்பு 1990-இல் ஏற்கப்பட்டது; பதினோராம் பதிப்பு 2022 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கர் பத்தாம் பதிப்பைத் தமக்கேற்ப விரித்து 2015 அக்டோபர் முதல் பயன்படுத்துகின்றனர். நம்மவர் படிப்பது அந்த விரித்த பதிப்பைத்தான்.

கோடிங் பயில்வோர் பெரிதும் இடறுமிடம் எது தெரியுமா? இருக்கின்ற நோயையும் இருந்த நோயையும் பிரித்தறிவதுதான். மருத்துவர் 'சிறுநீர்த் தொற்று' என்று எழுதியிருப்பார். நோயாளி இன்னும் மாத்திரை உண்டுகொண்டிருந்தால் அது நடப்பு நோய்; என் 39.0 என்று இட வேண்டும். கிருமி இன்னது என்று தெரிந்தால் அதற்கும் தனி எண் சேர்க்க வேண்டும். மருந்து முடிந்து, நோய் தீர்ந்து, மீண்டும் வரக்கூடும் என்ற கண்காணிப்பு மட்டும் இருந்தால் இசட் 87.440. நோய் தீர்ந்தும், திரும்ப வராமலிருக்கச் சிறிய அளவில் நாள்தோறும் மருந்து உண்பவராயின், பழைய நோய் என்னும் எண்ணோடு நெடுநாள் கிருமிக்கொல்லி உண்பவர் என்னும் எண்ணும் சேரும். ஒரு சொல் மாறினால் எண் மாறும்; எண் மாறினால் பணம் மாறும். அவர்கள் இவ்வளவு கவனமாக இருப்பதற்குப் பணமே முதற்காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் பணத்துக்காக எழுதப்பட்டதேனும் எழுதப்பட்டுவிட்டது அல்லவா? அடுத்த முறை அந்த நோயாளி வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் முன் அமரும்போது, அந்த வரி அவருக்கு முன்னே போய் நிற்கிறது.

இனி நோய்க்கு வருவோம். இதைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் வருகின்ற நோயை எழுதாமல் வேறு எதை எழுதுவது? பெண்ணின் சிறுநீர்த்தாரை நீளம் குறைந்தது; குடலில் குற்றமின்றி வாழும் ஈ. கோலை என்னும் நுண்ணுயிரி அவ்வழியே எளிதில் மேலேறிவிடுகிறது. பெரும்பாலான தொற்றுகளுக்கு அதுவே காரணம். எரிச்சல், அடிக்கடி சிறுநீர் போக வேண்டும் என்ற உந்துதல், அடிவயிற்றில் வலி என்று இது தொடங்கும். பையோடு நின்றால் சில நாள் மருந்தில் தீரும். சிறுநீரகம் வரை ஏறினால் குளிர்க்காய்ச்சல், விலாவுக்குப் பின்னே வலி, வாந்தி, மருத்துவமனைப் படுக்கை.

இந்நோயின் தனித்தன்மை, அது திரும்பி வருவது. முதல்முறை வந்த பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி வருகிறது. ஆறு மாதத்தில் இரண்டு முறையோ, ஓராண்டில் மூன்று முறையோ வந்தால் அதைத் 'திரும்பத் திரும்ப வரும் தொற்று' என்று மருத்துவர் தனியாக வகைப்படுத்துகின்றனர். சோதனையும் சிகிச்சையும் அங்கே வேறு. ஆனால் மூன்று முறை வந்தது என்பதை யார் எண்ணி வைப்பது? எண்ணி வைக்காவிட்டால் மூன்றாவது முறையும் முதல் முறையாகவே நடத்தப்படும்.

குழந்தைக்குக் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று மீண்டும் மீண்டும் வந்தால், சிறுநீர் பையிலிருந்து மேல்நோக்கித் திரும்புகின்ற பிறவிக் குறை இருக்கக்கூடும். கவனியாமல் விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழும். பின்னாளில் சிறுநீரகமே பழுதாகக்கூடும். கருவுற்ற பெண்ணுக்கு எரிச்சல் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கலாம்; மற்றவருக்கு அதைப் பெரும்பாலும் விட்டுவிடலாம், அவளுக்கு விடலாகாது. அதனால்தான் 2016-இல் உலக சுகாதார நிறுவனம் கருவுற்ற பெண்களுக்குச் சிறுநீர் வளர்ப்புச் சோதனையைப் பரிந்துரைத்தது. கிராமப்புறத்தில் உப்பும் சர்க்கரையும் பார்ப்பதோடு பெரும்பாலும் சோதனை முடிந்துவிடுகிறது. கல்சர் எனப்படும் அந்த வளர்ப்புச் சோதனை எல்லோருக்கும் இயலாவிட்டாலும், முன்பு தொற்று வந்தவள் என்று ஒரு வரி தாய் சேய் அட்டையில் இருந்தால் அவளுக்காவது முதலில் செய்ய முடியும்.

பழைய தொற்றின் கணக்கு உயிர்க்கணக்காக இருப்பதற்கு நம் வேலூரே சான்று. கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு நடக்கும் ஆற்றலை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர்களின் கைகளுக்கு அறுவை செய்தவர் அவர். தம்மைப் போன்றோருக்காகப் பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானவரும் அவரே. தண்டுவடம் அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பை தானாக இயங்காது. தேங்கிய நீரில் தொற்று வரும். தொற்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு காலத்தில் உலகெங்கும் இத்தகையோர் பலர் முறிந்த முதுகால் இறக்கவில்லை, கெட்ட சிறுநீரகத்தால் இறந்தனர். குழாய் செருகித் தாமே நீரை வெளியேற்றும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜாக் லேபிட்ஸ் 1972-இல் எடுத்துரைத்த பின்னர் நிலைமை பெரிதும் மாறிற்று. இத்தகையோரின் மருத்துவத்தில் எத்தனை முறை தொற்று வந்தது, எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்டது என்னும் பதிவு பாதி வைத்தியம். அதே மருத்துவமனையில் ஒருவருக்கு ஒருமுறை தரப்படும் எண்ணே, அவர் பல ஆண்டு கழித்து வந்தாலும் அவருக்குரிய எண்.

வேலூரிலிருந்து எங்கள் ஒடுகத்தூருக்கு வாருங்கள். சவ்வாது மலையடிவாரம், உத்திரக் காவேரி மழைக்காலத்தில் மட்டும் ஆறாக இருக்கும். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என மேலே மலை ஊர்கள். விடியற்காலையில் ஷூ கம்பெனிப் பேருந்துகள் வந்து நிற்கும்; தூக்குவாளியும் கைப்பையுமாகப் பெண்கள் ஏறி மாதனூர் வழியே ஆம்பூர்ப் பக்கம் போவர். இருட்டிய பின் திரும்புவர். என் சித்தி அவர்களில் ஒருவர். மேல்தோல் தைக்கும் வரிசையில் வேலை. "தண்ணி குடிச்சா எழுந்து போவணும். நான் எழுந்தா லைன் நிக்கும். அதுக்குக் குடிக்காமலே இருந்துடலாம்" என்பார். கழிப்பிடமும் குடிநீரும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கட்டாயப்படுத்தியது. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. கழிப்பிடம் இருக்கிறது. எழுந்து போகும் நேரம்தான் இல்லை.

ஓராண்டில் சித்திக்கு நான்கு முறை எரிச்சல் வந்தது. முதல்முறை 'சூடு' என்று வெந்தயமும் இளநீரும். இரண்டாம் முறை மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரை. இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும் மாத்திரையும் நின்றது. மூன்றாம் முறை வேறொரு மருத்துவர். பெயரில்லாத காகித உறையில் மாத்திரைகள். நான்காம் முறை எரிச்சலோடு நிற்கவில்லை. உடம்பு தூக்கிப்போடும் குளிர்க்காய்ச்சல். ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தார். ஆறு நாள் கூலி போயிற்று. அங்கே மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "இதுக்கு முன்னாடி என்ன மருந்து சாப்பிட்டீங்க?" சித்தி சொன்னார்: "வெள்ளையா நீட்டமா ஒண்ணு, அப்புறம் மஞ்சளா உருண்டையா ஒண்ணு." அதைக் கொண்டு எந்த மருத்துவர்தான் என்ன முடிவு செய்வார்? கல்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுக்க வேண்டியதுதான்.

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும். ஆடு வாங்க வருபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். எத்தனையாவது ஈத்து என்பார். முன்பு கழிச்சல் கண்டதா, மருந்து ஊற்றினீர்களா என்று கேட்காமல் கயிற்றில் கை வைக்க மாட்டார். விற்பவரும் தேதி உட்பட மனப்பாடமாக ஒப்பிப்பார். ஆட்டுக்குக் கேட்கப்படும் இந்தப் பழங்கதை ஆடு வளர்ப்பவளுக்குக் கேட்கப்படுவதில்லை.

சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. 'சூடு' என்னும் ஒரு சொல்லுக்குள் நம் பெண்கள் நீர்க்கடுப்பையும், கல்லடைப்பையும், வெள்ளைப்படுதலையும், வெறும் தாகத்தையும்கூட அடக்கிவிடுகின்றனர். நோயின் பெயரைச் சொல்ல வெட்கம். சூடு என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். நம் சித்த மருத்துவத்தின் நோய்ப் பெயர்களுக்கும் பன்னாட்டு வகைப்பாட்டில் இடம் தரும் தொகுதி 2024 சனவரி 10 அன்று புதுதில்லியில் வெளியிடப்பட்டது. மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும் எத்தகைய வல்லுநராலும் 'சூடு' என்பதற்கு எண்ணிட முடியாது. என்ன எரிந்தது, எத்தனை நாள், காய்ச்சல் உண்டா என்று யாரேனும் கேட்டு எழுதினால்தான் அது நோயின் கணக்காகும்.

மருந்துப் பெயரை எழுதி வைப்பது சித்தி ஒருவரின் நன்மைக்கு மட்டுமன்று. 2008-இல் இந்திய வழிவந்த சுவீடன் நாட்டவர் ஒருவர் புதுதில்லிக்கு வந்து திரும்பினார். அவருடைய சிறுநீர்த் தொற்றில் கண்டெடுத்த கிருமி, கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பாபெனம் வகை மருந்துகளையும் எதிர்த்து நின்றது. அந்த எதிர்ப்பைத் தரும் மரபணுவுக்குப் புதுதில்லியின் பெயரையே இட்டு என்.டி.எம்.-1 என்றனர்; நம் நாட்டில் அதற்குப் பெரும் எதிர்ப்புக் கிளம்பிற்று. 2010-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதலியோர் வெளியிட்ட கட்டுரை, சென்னை நோயாளிகளிடமும் அம்மரபணு இருப்பதைக் காட்டியது. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடிக் கிருமிக்கொல்லிகளின் பயன்பாட்டுக்கு வரம்பு வேண்டும் என்று அறிக்கை விடுத்தன. பெயர் சூட்டியது பற்றி நாம் பட்ட கோபத்தில் பாதியையேனும், பெயரில்லாத காகித உறையில் மாத்திரை தரும் வழக்கத்தின் மீது பட்டிருக்கலாம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது மருத்துவர் எப்படிப் பழங்கதை கேட்பார் என்பது ஒன்று. உண்மைதான், கேட்க வேண்டியவர் மருத்துவர் மட்டுமல்லர் என்பதே என் விடை. மற்றொரு மறுப்பு இன்னும் கூர்மையானது. 'முன்பு வந்தவள்' என்று எழுதிவிட்டால், அடுத்த முறை வயிறு வலித்தாலும் அதுவே இது என்று சோதிக்காமல் பழைய மாத்திரையையே நீட்டிவிடுவார்கள் என்பது. அது நடக்கக்கூடியதுதான். இருந்த நோயை இருக்கின்ற நோயாக எழுதுவது கோடிங்கில் பிழை என்றால், மருத்துவத்தில் அது தீங்கு. ஆகவேதான் 'வந்தது' என்று எழுதினால் போதாது, எப்போது வந்தது, எப்போது தீர்ந்தது, சோதனையில் என்ன தெரிந்தது என்றும் எழுத வேண்டும் என்கிறேன். பாதி எழுதிய பதிவு, எழுதாத பதிவை விடக் கெடுதல் செய்யலாம்.

மூன்றாவது அச்சம் பெண்களுடையது. இந்த விவரம் சூப்பர்வைசர் கைக்குப் போனால், 'அடிக்கடி எழுந்து போகிறவள்' என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டால்? 2021-இல் நாடு முழுதும் தொடங்கப்பட்ட எண்முறை நலத் திட்டத்தில் 14 இலக்க நல எண் தருகிறார்கள். தனிநபர் தரவைக் காக்க 2023-இல் சட்டமும் வந்துள்ளது. ஆனால் கணினியில் ஏறிய ஒன்று எங்கெங்கே போகும் என்பதை அறியாத பெண்ணிடம் சட்டத்தின் ஆண்டைச் சொல்லி என்ன பயன்? அதனால் கணினிக்கு முன் காகிதம் என்பது என் கட்சி. அவள் கையில் இருக்கும் நோட்டு அவள் காட்டினால்தான் பிறர் கண்ணில் படும்.

அந்த நோட்டில் ஒவ்வொரு முறைக்கும் ஐந்தே வரி போதும். எரிச்சல் தொடங்கிய தேதி, காய்ச்சல் உண்டா இல்லையா, சிறுநீர்ச் சோதனையின் முடிவு, மாத்திரையின் பெயரும் எத்தனை நாள் என்பதும், தீர்ந்த தேதி. முதல் பக்கத்தில் சர்க்கரை உண்டா, கல் உண்டா, கருவுற்றிருக்கிறாளா, எந்த மருந்து ஒவ்வாது என்பவை. தண்ணீர் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாம். குறைவாக நீர் அருந்தும் வழக்கமும் திரும்பத் திரும்பத் தொற்றும் உடைய 140 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. நாள்தோறும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது, குடிக்காதவர்களுக்கு 3.2 முறை. தண்ணீருக்கு எதிராகக் கிருமி எந்த மரபணுவையும் வளர்த்துக்கொள்ளாது. தைக்கும் வரிசையிலிருந்து எழுந்து போக ஐந்து நிமிடம் கேட்பதற்கு, ஆய்வின் இந்தக் கணக்கும் பெண்ணின் நோட்டும் சேர்ந்தால் ஒரு வலுவான மனுவாகும். கம்பெனி முதலாளிக்கும் இது நட்டமன்று. ஆறு நாள் வராத தையற்காரியால் நிற்கும் வரிசை ஐந்து நிமிடத்தால் நிற்பதை விட நீளமானது.

அரசும் செய்யக் கூடியது உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வீட்டிலேயே சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் பைகளும் வருகின்றன. சிறுநீரகம் கெட்ட பின் பை கொண்டுவரும் அதே கை, கெடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அரசு மருத்துவமனைகளில் நோய்க்குறியீட்டுப் பணியிடங்களைப் பெருக்கி, அறிவியல் பட்டதாரிகளை அமர்த்தலாம். ஒஹையோவில் ஒரு மூதாட்டிக்கு மூன்றாண்டுக்கு முன் வந்த நீர்க்கடுப்பை ஒரு சுழியில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்க்கு எத்தனை முறை வந்தது என்று எழுத இங்கே நாற்காலி இல்லை.

நாற்காலி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாம் ஆண்டுதோறும் கோயில் வளாகத்தைப் பெருக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம், பேரணி போகிறோம். இவ்வாண்டு முகாமில் ஒரு நாளை இந்த நோட்டுக்கு ஒதுக்குமாறு திட்ட அலுவலரான பேராசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். வீடு வீடாகச் சென்று கேட்பது மாணவியர் வேலை. இதை மாணவத் தோழர்கள் கேட்டால் எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். அவர்கள் வேண்டுமானால் மாத்திரை அட்டைகளைப் பார்த்துப் பெயர் எழுதித் தரலாம், நோட்டுக்குக் கோடு போடலாம். நாம் மருந்து சொல்லப் போவதில்லை; எழுத மட்டுமே போகிறோம். நுண்ணுயிரியல் தெரிந்த பேராசிரியர் ஒருவரும் அவ்வூர்ச் செவிலியரும் முதல் நாள் மாலை எங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தால் நலம். கம்பெனிப் பெண்கள் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே என்பதால், நாளைத் தேர்ந்தெடுக்கும்போது அதையும் கருத வேண்டும். நாற்பது பக்க நோட்டு மொத்த விலையில் மலிவாகவே கிடைக்கும். இதுவரை எங்கள் வகுப்பில் பதினோரு மாணவியர் பெயர் கொடுத்திருக்கிறோம்.